கருவி யார் கையில்? ஒலிப்பதிவின் வரலாறும் நம் வீட்டு சவுண்ட் கார்டும்



இந்த நினைவுச் சொற்பொழிவில் ஒரு நூலைப் பற்றியோ ஒரு போராட்டத்தைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். நான் ஒரு பொருளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். அதுவும் கணினிக் கடையில் விற்கும் சவுண்ட் கார்டு. அது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய விஷயமாயிற்றே, மேடையில் என்ன இருக்கிறது என்றார்கள். நாம் இன்று நினைவுகூரும் ஐயா இருந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். காரணம் சொல்கிறேன்.

ஐயா எண்பதுகளின் கடைசியில் ஒரு டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு சேரி சேரியாக நடந்தவர். நடவுப் பாட்டு, ஒப்பாரி, பறை அடிகளின் பெயர்கள், கூலி உயர்வு கேட்டு அடிபட்டவர்களின் நினைவுகள் என்று எதைக் கேட்டாலும் பதிந்துகொண்டார். அவர் மறைந்தபின் அந்தக் கேசட்டுகள் ஒரு தகரப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தன. எங்கள் வட்டத்தில் அப்போது கணினி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். 2004ஆம் ஆண்டு. டேப் ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து ஓர் ஒயரை எடுத்துக் கணினியின் பின்புறம் இளஞ்சிவப்பு நிறத் துளையில் சொருகினேன். அது மைக்குக்கான துளை. பக்கத்திலேயே இருந்த நீல நிறத் துளைதான் டேப் ரெக்கார்டர் போன்ற கருவிகளுக்கானது. எனக்குத் தெரியாது, சொல்லித்தரவும் ஆளில்லை. மைக்கிலிருந்து வரும் மிக மெல்லிய மின்சாரத்தைப் பெருக்குவதற்கான துளையில் பல மடங்கு பலமான ஒலியைச் செலுத்திவிட்டேன். திரையில் பதிவு ஓடியது. சின்ன ஸ்பீக்கரில் கேட்டபோது நன்றாக இருப்பதாகவே தோன்றியது.

அந்தக் கேசட்டுகளில் ஒன்றில் என் அப்பாயி பாடிய ஒப்பாரி இருந்தது. பால்குடி மறக்காமல் இறந்த தன் பிள்ளைக்காகப் பல ஆண்டுகள் கழித்து ஐயா கேட்டதற்காகப் பாடியது. சில ஆண்டுகளுக்குப் பிறகு நல்ல ஹெட்ஃபோனில் கேட்டபோதுதான் விபரீதம் புரிந்தது. குரல் உச்சத்துக்குப் போகும் இடமெல்லாம் கிழிந்து கரகரக்கிறது. மறுபடி பதியலாம் என்று பெட்டியைத் திறந்தால் நாடாவில் பூஞ்சை. ஓட விட்டேன், சிக்கி அறுந்தது. இன்று அப்பாயியின் குரல் என்னிடம் அந்தக் கிழிந்த வடிவில்தான் இருக்கிறது. அது அழுகையில் உடைந்த குரல் என்று கேட்பவர்கள் நினைக்கிறார்கள். என் அறியாமையில் உடைந்த குரல் அது.

ஒரு துளையின் நிறம் தெரியாததால் ஒரு தலைமுறையின் குரல் போகுமென்றால், அந்தத் துளையும் வரலாற்றுக்குரிய பொருள்தான். ஆகவே இந்த உரை.

அளவுகோலும் ஃபோனோகிராஃபும்

எடிசன் 1877இல் ஃபோனோகிராஃபைச் செய்தார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் அது நம் மக்களிடமும் வந்துவிட்டது. எப்படி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியாவின் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கின் அகலத்தையும் தலையின் சுற்றளவையும் அளந்த அந்த ஆய்வில் அளவுகோல், கேமராவோடு ஃபோனோகிராஃபும் சேர்ந்தே சென்றது. நம் முன்னோர் மூக்கை எதற்காக நீட்டினார்களோ அதற்காகவே குரலையும் கொடுத்தார்கள். அதிகாரி கேட்டார், கொடுத்தார்கள்.

கிரியர்சனின் இந்திய மொழிகள் கணக்கெடுப்பையொட்டி 1913 முதல் 1929 வரை நாடு முழுவதும் பேச்சு மொழிகளைக் கிராமஃபோன் தட்டுகளில் பதிந்தார்கள். பல்வேறு மொழி பேசுவோரிடம் கேட்கப்பட்டது என்ன தெரியுமா? விவிலியத்தின் கெட்ட குமாரன் கதையை அவரவர் மொழியில் சொல்லச் சொன்னார்கள். ஒரே கதையை எல்லோரும் சொன்னால் மொழிகளை ஒப்பிடுவது எளிது. ஆய்வின் நோக்கில் அது நியாயம்தான். ஆனால் அந்த மனிதருக்குச் சொல்வதற்குத் தன் கதை ஒன்று இருந்திருக்கும். கருவி வைத்திருந்தவருக்குத் தேவைப்பட்டது அவருடைய உச்சரிப்பு. கதை தேவைப்படவில்லை.

வணிகப் பதிவு 1902இல் தொடங்கியது. கிராமஃபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பெர்க் அந்த நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். தென்னகத்திலும் தொடக்க காலத் தட்டுகளில் கேட்பது பெரும்பாலும் தேவதாசி மரபில் வந்த கோயம்புத்தூர் தாயி போன்ற பெண்களின் குரல்கள்தான். இயந்திரத்தின் முன் பாடுவது தங்கள் மதிப்புக்கு இழுக்கு என்று உயர்சாதியினர் தயங்கிய காலத்தில் அந்தப் பெண்கள் துணிந்து பாடினார்கள். தட்டில் பணமும் புகழும் இருக்கிறது என்று தெரிந்தபின் தயக்கம் போய்விட்டது. சபா வளர்ந்தது. முதலில் பாடிய பெண்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள்.

இங்கே ஒரு தொழில்நுட்ப உண்மையைக் கவனியுங்கள். எடிசனின் உருளைக் கருவியில் ஒலியைக் கேட்கவும் முடியும், பதியவும் முடியும். அதை வென்று சந்தையைப் பிடித்த தட்டு கிராமஃபோனில் கேட்க மட்டுமே முடியும். பதியும் இயந்திரம் கம்பெனியிடம் நின்றுவிட்டது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம் என்ற அளவும் கம்பெனியினுடையதே. விடிய விடியப் பாடும் கூத்துக்கும், பிணம் எடுக்கும்வரை நிற்காத ஒப்பாரிக்கும் அதில் ஏது இடம்?

மிசிசிப்பியில் ஒரு கார்

1972இல் மராட்டியத் தோழர்கள் தலித் பேந்தர் என்று அமைப்புக்குப் பெயர் வைத்தபோது அமெரிக்கக் கறுப்பின மக்களின் சிறுத்தைகளிடமிருந்தே அந்தப் பெயரை எடுத்தார்கள். ஒலிப்பதிவு விஷயத்திலும் அவர்களுடைய அனுபவம் நமக்குப் பாடம்.

1933இல் ஜான் லோமாக்ஸ் என்ற வெள்ளை நாட்டார் பாடல் சேகரிப்பாளர் தம் மகன் ஆலனோடு அமெரிக்கத் தென் மாநிலங்களின் சிறைகளுக்குப் போனார். காரின் பின்புறத்தில் தட்டில் ஒலியைச் செதுக்கும் இயந்திரம். எடை மிக அதிகம். லூசியானாவின் அங்கோலா சிறையில் லெட்பெல்லி என்ற கைதியின் பாடல்களைப் பதிந்தார்கள். விடுதலையான லெட்பெல்லி சில காலம் லோமாக்ஸுக்குக் கார் ஓட்டினார். அவர் பாடிய ‘குட்நைட் ஐரீன்’ பாடலை 1950இல் வெள்ளைப் பாடகர் குழு ஒன்று பாட, அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. லெட்பெல்லி அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1949 டிசம்பரில் இறந்துவிட்டார். பாடலின் உரிமையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஜான் லோமாக்ஸின் பெயரும் இருந்தது. கருவியைக் கொண்டுவந்தவர் பாட்டிலும் பங்குதாரர் ஆனார்.

1941இல் ஆலன் லோமாக்ஸ் மிசிசிப்பியின் ஒரு பருத்திப் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த இளைஞரைப் பதிந்தார். பிற்காலத்தில் உலகமே அறிந்த மடி வாட்டர்ஸ் அவர். தன் குரலைத் தட்டில் கேட்டபோதுதான் தன்னாலும் பாடகராக முடியும் என்ற நம்பிக்கை வந்தது என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1943இல் பண்ணையை விட்டு சிகாகோவுக்குப் போனார். தன் குரலைத் தானே கேட்பது ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் அந்தக் கள ஆய்வில் இன்னொருவரும் இருந்தார். ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பின இசை அறிஞர் ஜான் வொர்க். ஆய்வுக்கான எண்ணத்தில் தொடக்கம் முதல் பங்கு கொண்டவர், களத்தில் நின்றவர், பாடல்களை இசைக்குறிப்பாக எழுதியவர். அவருடைய கையெழுத்துப் படிகள் காணாமல் போயின. ஆலன் லோமாக்ஸ் 1993இல் எழுதிப் புகழ்பெற்ற நூலில் வொர்க்குக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. படிகள் கண்டெடுக்கப்பட்டு 2005இல் நூலானபோது அவர் இறந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. நம் பாடல்களைப் பிறர் சேகரிப்பதைத் தவறென்று நான் சொல்லவில்லை. லோமாக்ஸ்கள் போகாமலிருந்தால் அந்தக் குரல்களில் பல இன்று இல்லை. நாம் சேகரித்தாலும், கருவியும் பெட்டியும் பிறரிடம் இருந்தால் நம் பெயர் நிற்காது என்கிறேன்.

வானொலியும் கேசட்டும்

சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. ஏழைக்கும் கேட்க இசை கிடைத்தது. பாடத்தான் வழியில்லை. கூத்துக்காரர்களும் நாடகக்காரர்களும் நம்பியிருந்த ஆர்மோனியத்தை 1940 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வானொலி விலக்கி வைத்தது. அந்த வாத்தியத்தில் கமகம் வராது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 1952க்குப் பிறகு குரல் தேர்வும் தரம் பிரிப்பும் வந்தன. எது இசை, எது வெறும் சத்தம் என்று முடிவு செய்யும் குழு ஒன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது.

இதை உடைத்தது கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த கேசட், எழுபதுகளில் வளைகுடா போய் வந்தவர்களின் பெட்டிகளில் நம் ஊர்களுக்கு வந்தது. எண்பதுகளில் டீக்கடை வரை பரவியது. கேட்கும் கருவியே பதியும் கருவியாகவும் இருந்தது. பிளே, ரெக்கார்டு இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் போதும். வட இந்தியக் கேசட்டுகளை ஆராய்ந்து பீட்டர் மேனுவல் 1993இல் எழுதிய நூல், பெரிய கம்பெனிகள் தீண்டாத வட்டார இசைகள் கேசட் வழியே எப்படிச் சந்தைக்கு வந்தன என்று காட்டுகிறது. நம் பக்கத்தில் மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவுவை நினைக்க வேண்டும். பரட்டை என்று மாணவர்கள் அன்போடு அழைத்த அவர், கீர்த்தனை மெட்டில் ஜெபித்துக்கொண்டிருந்த தேவாலயத்துக்குள் நாட்டார் மெட்டைக் கொண்டுபோனார். அந்தப் பாடல்கள் கேசட்டுகளிலும் மாணவர்களின் வாயிலுமாகக் கிராமங்களுக்குப் போயின. 2005இல் அவர் மறைந்தார்.

ஐயாவின் கேசட்டுகளும் இந்தக் காலத்தவைதான். அவற்றில் ஒரு விசித்திரம் உண்டு. பாட்டு தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்கும். பறை விழுந்த கணத்தில் குரல் கிணற்றுக்குள் போய்விடும். அடி நின்ற பிறகு மெல்ல மேலே வரும். ஐயா மைக்கைத் தவறாகப் பிடித்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மை வேறு. விலை குறைந்த டேப் ரெக்கார்டர்களில் ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பு உண்டு. அலுவலகப் பேச்சையும் வீட்டுக் குரலையும் மனதில் வைத்துச் செய்தது அது. பெரிய ஒலி வந்தால் மொத்தத்தையும் அமுக்கிவிடும். தீயில் காய்ச்சி இறுகிய தோலில் அடிக்குச்சி விழும் அந்தக் கூர்மையை அது எதிர்பார்க்கவில்லை. பறை வந்ததும் பாட்டை விழுங்கிவிட்டு, பறையையும் மொண்ணையாக்கியது. இன்றைய செல்போன்களின் பல ஒலிப்பதிவுச் செயலிகளும் இதையே செய்கின்றன.

சிங்கப்பூரிலிருந்து வந்த அட்டை

கணினி முதலில் ஊமை. கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் போடும். 1987இல் கனடாவின் ஆட்லிப் நிறுவனம் யமஹா சிப்போடு ஓர் அட்டையை விற்றது. அது இசைத்தது, பதியவில்லை. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் என்ற அட்டையைக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தை 1981இல் தொடங்கியவர்களில் ஒருவரான சிம் வோங் ஹூ மவுத்ஆர்கன் வாசித்தவர். விளையாட்டுகளுக்காக விற்ற அட்டைதான். ஆனால் அதில் ஒரு மைக் துளை இருந்தது. வீட்டுக் கணினி காது பெற்றது அப்படித்தான்.

அந்தக் காது மந்தமானது. எட்டு பிட் என்றால் ஒலியின் அளவைக் குறிக்க 256 படிகள் மட்டுமே. மெல்லிய குரல் இரைச்சலில் மூழ்கும். 1992இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 அதைப் பதினாறு பிட்டாக்கியது. படிகள் 65,536. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கும். குறுந்தகட்டில் இருக்கும் அதே அளவுகள். ஒரு காலத்தில் பெரிய ஸ்டுடியோவுக்கு மட்டும் உரியதாக இருந்த எண்கள் வீட்டு மேசைக்கு வந்துவிட்டன.

நம் மேசைக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. இறக்குமதி வரி பெருஞ்சுவர். உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்பப் பொருள்கள் உடன்படிக்கையில் இந்தியா 1997இல் சேர்ந்தது. 2005க்குள் கணினிக்கும் அதன் பாகங்களுக்கும் சுங்க வரி படிப்படியாக நீங்கியது. உலகமயமாக்கல் நம் கைத்தொழில்களை அழித்த கதையை இதே மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். அதே காலம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாணவன் தொடக்கூடிய விலைக்குக் கணினிப் பாகங்களைக் கொண்டுவந்ததையும் மறைக்கக் கூடாது.

அதே 1997இல் இன்டெல் வகுத்த ஒரு தர முறையால் சவுண்ட் கார்டு தனி அட்டையாக இல்லாமல் தாய்ப்பலகையிலேயே வந்துவிட்டது. விலை கிட்டத்தட்ட இல்லாமலே போனது. தரமும் இறங்கியது. மின்விசிறி, பவர் சப்ளை, திரைக்கான அட்டை எல்லாம் மின் இரைச்சல் கக்கும் பெட்டிக்குள் மைக்கின் நூலிழை போன்ற ஒலியைப் பெருக்கினால் என்ன ஆகும்? சந்தைக்கூட்டத்தின் நடுவே ரகசியம் கேட்பது போலத்தான். 2004இல் நான் பயன்படுத்தியது அப்படிப்பட்ட ஒன்று.

தீர்வு எளியது. ஒலியை அளக்கும் வேலையைக் கணினிப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்துவிடுவது. யு.எஸ்.பி. இணைப்பு அதற்கு வழி செய்தது. 2011இல் வந்த போக்கஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசையும், பிறகு வந்த பெஹ்ரிங்கரின் சிறு பெட்டிகளும் படுக்கையறையில் பாட்டுப் பதிகிறவர்களிடம் உலகம் முழுக்கப் பரவின. 2000இல் வெளியான ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருள் முற்றிலும் இலவசம். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் மேடை ஏறியபோது கானாவும் ராப்பும் பறையும் சேர்ந்து ஒலித்தன. அதைக் கேட்டு எழுத வந்த இளைஞர்கள் ஸ்டுடியோவின் கதவைத் தட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. அறைக் கதவைச் சாத்தினால் போதும்.

எதை வாங்குவது

மாணவ நண்பர்கள் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதி அவர்களுக்கானது.

முதலில் பெயர்க் குழப்பம். கணினிக் கடையில் சவுண்ட் கார்டு என்பதும், இசைக்கருவிக் கடையில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பதும் நம் வேலைக்கு ஒன்றே. ஆனால் கைதட்டல், சிரிப்புச் சத்தம் எழுப்பும் வண்ணப் பொத்தான்களோடு ‘லைவ் சவுண்ட் கார்டு’ என்று மலிவாக விற்கும் பெட்டிகள் வேறு வகை. அவை குரலை மாற்றிக் காட்டுவதற்கானவை. ஆவணப் பதிவுக்கு அவற்றை வாங்காதீர்கள்.

இரண்டு மைக் உள்ளீடுகள் இருக்கட்டும். ஒன்றுள்ளது இன்னும் மலிவு. பேச்சு நேர்காணலுக்கு அது போதும். ஆனால் குரலுக்கு ஒரு மைக், சில அடி தள்ளிப் பறைக்கு ஒரு மைக் என்று தனித்தனித் தடங்களில் பதிந்தால், டேப் ரெக்கார்டர் செய்த அநியாயம் நடக்காது. பறையின் அளவைத் தனியாகவும் குரலின் அளவைத் தனியாகவும் வைக்கலாம். ஒன்று மற்றொன்றை அமுக்காது.

மூன்று பின் கொண்ட எக்ஸ்.எல்.ஆர். துளையும் ‘48 வோல்ட்’ என்று எழுதிய பொத்தானும் வேண்டும். மெல்லிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்குகளுக்கு அந்த மின்சாரம் தேவை. மேடையில் பயன்படும் டைனமிக் மைக்குகளுக்குத் தேவையில்லை. ஆனால் அவற்றுக்கு ஒலியை நிறையப் பெருக்க வேண்டும். மலிவான பெட்டியில் கெயின் திருகை முழுக்கத் திருப்பினால் உஸ்ஸென்று இரைச்சல் வரும். உங்களிடம் உள்ள மைக்கையே கடைக்கு எடுத்துப் போய், ஹெட்ஃபோன் போட்டு, பேசாமல் இருக்கும்போது என்ன கேட்கிறது என்று பாருங்கள். விளம்பரத்தில் 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதைவிட அந்த மௌனம் முக்கியம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் நம் தேவைக்குத் தாராளம்.

24 பிட்டின் பயன் என்ன? அளவைத் தாழ்த்தி வைத்துப் பதியலாம், இரைச்சல் ஏறாது. டிஜிட்டலில் பூஜ்யம் டெசிபெல் என்பதுதான் கூரை. அதைத் தொட்ட ஒலி தட்டையாக வெட்டப்படும், பிறகு எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது. என் அப்பாயியின் குரலுக்கு நேர்ந்தது அதுதான். குரலை எவ்வளவு உயர்த்துவார், பறை எவ்வளவு பலமாக விழும் என்று முதலில் ஒருமுறை முழு வேகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த உச்சமும் கூரைக்குப் பன்னிரண்டு டெசிபெல் கீழே நிற்கும்படி வையுங்கள். ஒப்பாரி தாழ்வாகத் தொடங்கும், எங்கே ஏறும் என்று பாடுகிறவருக்கே தெரியாது. இடம் விட்டு வையுங்கள்.

தனி டிரைவர் மென்பொருள் இல்லாமலே விண்டோஸ், லினக்ஸ், செல்போன் எதிலும் ஓடும் பெட்டியாகப் பாருங்கள். தயாரித்த நிறுவனம் மென்பொருளைப் புதுப்பிக்காமல் கைவிட்டதால் நல்ல நிலையிலேயே குப்பைக்குப் போன பழைய கார்டுகள் ஏராளம். பழைய பெட்டியை வாங்கினால் தவறில்லை. திருகுகளைத் திருப்பும்போது கரகரக்கிறதா, துளைகள் ஆடுகின்றனவா, 48 வோல்ட் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கேசட்டை மாற்றுவதற்கு ‘லைன்’ அளவில் ஒலியை ஏற்கும் இரட்டை உள்ளீடு வேண்டும். மைக் துளை வேண்டவே வேண்டாம். இதற்கு மட்டுமென்றால் லைன் உள்ளீடு கொண்ட மிகச் சிறிய யு.எஸ்.பி. பெட்டியே போதும். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிந்தால் ம்ம்மென்ற மின் முரலல் பெரும்பாலும் போய்விடும்.

இதற்கும் வசதியில்லை என்றால்? செல்போனில் பதியுங்கள். வேவ் கோப்பாகப் பதியும் செயலியைத் தேர்ந்தெடுத்து, தானே அளவு மாற்றும் வசதியை அணைத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, அருகில் உட்கார்ந்து பதியுங்கள். பாட்டி எண்பதைத் தாண்டிவிட்டார் என்றால் நல்ல கருவிக்காகக் காத்திருக்காதீர்கள். நடுத்தரமான பதிவு பதியாத குரலைவிட மேல். அதை அப்படியே வாட்ஸ்அப் குரல் செய்தியாக மட்டும் வைத்திருக்காதீர்கள். அது சுருக்கப்பட்ட ஒலி.

கருவி வந்த பிறகு

கருவி நம் கைக்கு வந்துவிட்டது. இனி வருவது நம் பொறுப்பு. இரண்டு செய்திகள்.

1902இல் கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னார். மெழுகில் பதிந்தது ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த் தட்டாகும். அங்கே சீட்டு ஒட்டுகிறவருக்குப் பாடியவர் யாரென்று தெரிய வேண்டும். ஐயாவின் கேசட்டுகளில் பலவற்றில் மேலே எழுதிய மை அழிந்துவிட்டது. யார் பாடினார், எந்த ஊர் என்று தெரியாத குரல்கள் பல உள்ளன. ‘நாட்டுப்புறப் பாடல், பாடியவர் ஒரு தாழ்த்தப்பட்ட பெண்’ என்று போட்ட நூல்களை நாம் எத்தனை முறை கோபத்தோடு மூடியிருக்கிறோம்? அதே தவறை நாம் செய்யலாமா? பாட்டு தொடங்கும் முன் பாடுகிறவரே தன் பெயர், ஊர், நாள், யாரிடம் கற்றது என்று சொல்லட்டும். மை அழியலாம், குரலோடு சேர்ந்த பெயர் அழியாது.

அடுத்தது உரிமை. லெட்பெல்லிக்கு நடந்தது ஒரு வெள்ளைக்காரரால் மட்டும் நடக்கக்கூடியது அல்ல. பட்டணத்தில் படித்த பேரன் பாட்டிக்குச் செய்யக்கூடியதும்தான். பதிவதற்கு முன் கேளுங்கள். எங்கே போடப் போகிறோம் என்று சொல்லுங்கள். துக்க வீட்டில் பதிந்ததை இணையத்தில் ஏற்றும் உரிமை உங்களுக்குத் தானாக வந்துவிடாது. வருமானம் வந்தால் முதல் பங்கு பாடியவருக்கு. பதிவின் ஒரு பிரதி அவர் வீட்டில் கட்டாயம் இருக்கட்டும். மடி வாட்டர்ஸ் தன் குரலைக் கேட்டதுபோல் அவரும் கேட்கட்டும். மேலும் இரண்டு பிரதிகளை இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 600 மெகாபைட்தான். ஒரு தகரப் பெட்டியை நம்பி நாங்கள் இழந்தது போதும்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஓர் இதழைத் தொடங்கினார். அதன் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையையே பெயரில் வைத்தார். உன்னால் வாங்க முடியும் என்பதுதான் அந்தப் பெயரின் முதல் செய்தி. அந்த எழுத்தை நூறாண்டு கழித்தும் நாம் வாசிக்கிறோம். அண்ணல் அம்பேத்கரின் குரலை 1955இல் பி.பி.சி. எடுத்த நேர்காணலில் கேட்கலாம், பதியும் கருவி அங்கே இருந்ததால். பண்டிதரை வாசிக்க மட்டுமே முடிகிறது. அவர் காலத்தில் அச்சு இயந்திரம் நம் கைக்கு எட்டியது, ஒலிப்பதிவு இயந்திரம் எட்டவில்லை.

இன்று எட்டுகிறது. சில ஆயிரம் ரூபாய்க்கு, உள்ளங்கையளவு பெட்டியாக. நான்கு பேர் பணம் சேர்த்தால் ஒரு படிப்பு வட்டத்துக்கு ஒன்று வாங்கலாம். நம் மன்றத்தின் ஒவ்வொரு கிளையும் வரும் ஆண்டுக்குள் அப்படி ஒன்றை வாங்கி, தம் ஊரின் மூத்த பத்துப் பேரைப் பதிய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாங்கியபின் ஒயரை எந்தத் துளையில் சொருகுவது என்று சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும், தெரிந்துகொண்ட விலைதான் அதிகம்.

ஜெய்பீம்.